பதினேழாவது ஓட்டை

படம் எழுபத்திரண்டு நிமிடம். அதற்கு முன்னால் தாணுலிங்கம் பேசியது நாற்பத்தொரு நிமிடம்.

உப்பு மொத்த வியாபாரத்தை மகன்களிடம் விட்டுவிட்டு, ஓய்வு நேரத்தில் உலக சினிமாவைக் காப்பாற்றிக்கொண்டிருப்பவர் தாணுலிங்கம். அவர் நடத்தும் திரை ரசனைப் பேரவையில் மொத்தம் பதினோரு உறுப்பினர்கள். அதில் ஒன்பது பேர் நிர்வாகிகள். மிச்சம் இரண்டு பேரில் ஒருவர் துபாயில் இருக்கிறார். இன்னொருவன் நான்.

"மௌனம்தான் இந்தப் படத்தின் உரத்த குரல்" என்றார் தாணுலிங்கம், மைக்கில், உரத்த குரலில்.

தூத்துக்குடி பீச் ரோட்டுப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலரை மணி. வெயில் உள்ளே வரக் கூடாது என்று ஜன்னல்களில் லாரித் தார்ப்பாயைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். லாரிக்காரன் எந்தக் காலத்தில் நல்ல தார்ப்பாயை இரவல் கொடுத்தான்? தார்ப்பாய் முழுக்க ஓட்டை. மேற்கு வெயில் அதன் வழியாகப் பொட்டுப் பொட்டாக உள்ளே விழுந்துகொண்டிருந்தது. கண் தன்னால் எண்ண ஆரம்பித்தது. தொழில் அப்படி.

நான் கண்டெய்னர் சர்வேயர். மதுரை பைபாஸில் காலிப் பெட்டிகளை அடுக்கி வைக்கும் யார்டில் வேலை. ஊர் உலகமெல்லாம் சுற்றிவிட்டுத் திரும்பும் ஒவ்வொரு பெட்டியையும் சுற்றிவந்து, எங்கே நசுக்கல், எங்கே துரு, எங்கே ஓட்டை என்று படிவத்தில் ரிமார்க்ஸ் எழுத வேண்டும். முப்பது வருஷமாக இதுதான். ஒரு பெட்டி நன்றாக இருக்கிறது என்று எழுத அந்தப் படிவத்தில் இடமே கிடையாது. நன்றாக இருந்தால் கட்டத்தைச் சும்மா விட்டுவிடுவோம். அவ்வளவுதான் பாராட்டு.

பெட்டிகளோடு நிறுத்தியிருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. மனிதர்களைப் பார்த்தாலும் எனக்கு ரிமார்க்ஸ்தான் வரும். 'ரிமார்க்ஸ் மனுவேல்' என்றால் யார்டில் மட்டுமல்ல, கோவில் வாசல் வரைக்கும் தெரியும். ஒரு தடவை இதே மாடியில் ஒரு வெளிநாட்டுப் படம் போட்டார்கள். கதாநாயகன் ஒரு சுவரைப் பதினோரு நிமிடம் பார்க்கிறான். படம் முடிந்ததும் தாணுலிங்கம் தெரியாத்தனமாக என்னை இரண்டு வார்த்தை பேசச் சொல்லிவிட்டார். "சுவத்துக்கு வெள்ளையடிச்சு எத்தனை நாளாச்சுன்னு பாத்திருப்பான். ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டிருந்தா படம் இடைவேளையிலேயே முடிஞ்சிருக்கும்" என்றேன். கூட்டம் சிரித்து ஓயவில்லை. அன்றிலிருந்து 'பார்வையாளர் தரப்பு' என்று நிகழ்ச்சி நிரலில் எனக்கு நிரந்தரமாக ஐந்து நிமிடம் ஒதுக்கப்பட்டது.

இன்றைக்கும் சட்டைப்பையில் தாள் மடித்துத் தயாராக இருந்தது. ஒன்பது நக்கல்கள், வரிசையாக. படத்தைப் பார்ப்பதற்கு முன்பே எழுதுவது நியாயமா என்று கேட்கலாம். இதைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை என்று நினைத்தேன். எடுத்தது எங்கள் யார்டு டேலி கிளார்க் அனிஷ். வந்த பெட்டி, போன பெட்டி நம்பர்களைக் குறித்துக்கொள்ளும் பையன், வயது இருபத்தெட்டு. செல்போனில் எடுத்தான், பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில். கதாநாயகி விஜிலா, பல் டாக்டர் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிற பெண். கதாநாயகன் அஃப்ஸல், காயல்பட்டினத்துக்காரன், வளைகுடாவுக்கு விசா வரும்வரை சும்மா இருப்பவன். படம் முடிகிற வரைக்கும் விசா வந்துவிடக் கூடாது என்று அந்த யூனிட்டே வேண்டிக்கொண்டிருந்தது. கதை, காதல் தோல்வி. பெயர், 'பதினேழு'.

"பதினேழு என்பது பகா எண்" என்று தாணுலிங்கம் விளக்கிக்கொண்டிருந்தார். "வகுக்க முடியாதது. காதலைப் போல."

எனக்கு அது கிளினிக் டோக்கன் நம்பர் போலத்தான் பட்டது. அதுவும் தாளில் இருந்தது, நக்கல் எண் ஒன்று.

படத்துக்கு என்னுடைய உதவியும் உண்டு. நாலு மாதத்துக்கு முன்னால் அனிஷ் யார்டில் என் மேஜைக்கு வந்து, ஒரு சீனுக்குக் காலிப் பெட்டி வேண்டும் என்று நின்றான். ஒழுங்கான பெட்டி ஒன்றைக் காட்டினேன். வேண்டாம் என்றான்.

"ஓட்டைப் பெட்டியாத்தான் வேணும் அண்ணாச்சி. நல்லா ஓட்டை விழுந்ததா."

கையில் காசில்லாதவன் கேட்கிற பெட்டியைப் பார் என்று சிரித்துவிட்டு, ஏலத்துக்கு ஒதுக்கி வைத்திருந்த ஒரு கழிசடையைக் கைகாட்டிவிட்டுச் சாப்பிடப் போனேன். அதற்கு முந்தின மாதமே, தொழில் நுணுக்கங்கள் தெரிய வேண்டும் என்று கேட்டிருந்தான். சனிக்கிழமை மதியம் வீட்டுக்கு வரச் சொன்னேன். மூன்று சனிக்கிழமை வந்தான். மூன்று நாளும் நான் மதியத் தூக்கத்தில் இருந்தேன். கிளாடிஸ் காப்பி போட்டுக் கொடுத்துப் பேசிக்கொண்டிருந்துவிட்டு அனுப்பினாள்.

கிளாடிஸ் என் மனைவி. மூன்றாவது வரிசையில், எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார் என்றேன், ஃபேன் காற்று வேண்டும் என்று அங்கே போய்விட்டாள்.

எங்கள் மகள் மஸ்கட்டில் இருக்கிறாள். அம்மாவை அங்கேயே வந்து இருக்கச் சொல்லி ஒரு வருஷமாக நச்சரிக்கிறாள். அம்மாவை மட்டும். அப்பா வந்தால் மஸ்கட்டுக்கும் ரிமார்க்ஸ் எழுதுவார் என்று மருமகனிடம் சொன்னதாகக் கேள்வி. இந்த மாதம் விசா வந்துவிட்டது. போகிறாயா, போனால் எத்தனை நாள், திரும்பி வருவாயா என்று மூன்று கேள்வி கேட்டேன். கிளாடிஸ் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"ஞாயித்துக்கிழமை அந்தப் படத்தைப் பாத்துட்டுச் சொல்லுதேன்."

"ரெண்டுக்கும் என்னளா சம்பந்தம்? படத்துல விசா ஸ்டாம்பு அடிச்சுக் குடுக்கப் போறானா?"

அவள் கீரைத் தண்டைக் கிள்ளிப் போட்டாள். முதல் கேள்விக்கு அவளிடம் பதில் இருந்தது என்று எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரி கேட்டபோது "போறேன்" என்றுதான் சொன்னாள். எங்கள் ஊரில் கடைக்குப் போகிறவன்கூட "போயிட்டு வாரேன்" என்பான். ஐம்பத்திரண்டு வயதுக்காரி வெறும் "போறேன்" என்று சொன்னது எனக்குள் எங்கேயோ சின்னதாக இடித்தது. மொழிப் பிழை என்று எடுத்துக்கொண்டேன்.

ஒருவழியாகத் தாணுலிங்கம் இறங்கினார். விளக்கை அணைத்தார்கள். படம் ஓடத் தொடங்கியது.

முதல் பத்து நிமிடத்தில் என்னுடைய ஒன்பதில் ஆறு நக்கல் உறுதியாயிற்று. விஜிலா வாயைத் திறக்கும்போதெல்லாம் பைபாஸில் ஒரு லாரி ஹார்ன் அடித்தது. அஃப்ஸலுக்கு மொத்தப் படத்துக்கும் ஒரே சட்டை. எல்லாக் காட்சியிலும் பின்னால் ஒரு நாய் இடமிருந்து வலமாக நடந்து போனது. உப்பளத்திலும் அதே நாய், பஸ் ஸ்டாண்டிலும் அதே நாய். படத்தில் அதற்குத்தான் சம்பளம் பேசியிருப்பார்கள் போல. மைக்கைப் பிடித்திருந்தவனின் நிழல் சுவரில் தெரிந்தது.

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அரை மணி நேரத்தில் அந்த லாரி ஹார்ன் நின்றால் என்னவோபோல் ஆகிவிட்டது. விஜிலா பேச வருவாள், ஹார்ன் அடிக்கும், அது முடியட்டும் என்று நிஜமாகவே காத்திருந்து பிறகு பேசுவாள். தூத்துக்குடியில் நாமெல்லாம் அப்படித்தானே பேசுகிறோம். நாய் வரவில்லையென்றால் கூட்டம் அதைத் தேடியது. ஒரு காட்சியில் அது நின்று கேமராவைப் பார்த்தபோது கைதட்டினார்கள்.

கதையிலும் வில்லன் இல்லை. அப்பா அரிவாளைத் தூக்கவில்லை, யாரும் விஷம் குடிக்கவில்லை, தாடி வளரவில்லை. ஒரு பெண், ஒரு பையன், இரண்டு வீட்டிலும் சம்மதம். பையன் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் வேலை பார்க்கிறான், வாயைத் திறந்தால் நக்கல். அவள் எதையாவது பார்த்துவிட்டு ஆசையாக வந்து சொல்வாள். அவன் ஒரு வரி சொல்வான். அரங்கம் சிரிக்கும். இதில் காதல் தோல்வி எங்கே இருக்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை.

ஆபீஸுக்கு ஓர் அதிகாரி வருகிறார். அஃப்ஸல் சொல்கிறான்: "இவரு வாரதுக்கு முன்னால வயிறு வந்து கையெழுத்துப் போட்டுட்டு இருக்கும். பத்து நிமிஷம் கழிச்சுத்தான் ஆளு வருவாரு."

மண்டபம் அதிர்ந்தது. நானும் சிரித்தேன், மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாக. காரணம், அது என்னுடையது. யார்டில் நாலு வருஷத்துக்கு முன்னால் நான் சொன்னது, எல்லோருக்கும் தெரியும். திருட்டுப் பயல் என்று செல்லமாக அனிஷைத் திரும்பிப் பார்த்தேன். அவன் புரொஜக்டருக்குப் பக்கத்தில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான்.

அடுத்து, விஜிலா ஒரு நீலப் புடவை கட்டிக்கொண்டு வந்து நிற்கிறாள். அஃப்ஸல் மேலும் கீழும் பார்க்கிறான்.

"நல்லாத்தான் இருக்கு. லாரிக்குத் தார்ப்பாய் எடுத்த கடையிலயே எடுத்தியா?"

மண்டபத்தில் ஜன்னலுக்கெல்லாம் நீலத் தார்ப்பாய். கூட்டம் அதையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தது. நான் பாதி சிரிப்பில் நின்றேன். இதையும் எங்கேயோ கேட்டிருக்கிறேனே என்று தோன்றியது. நல்ல வரி. யாருடையது?

என்னுடையதுதான். கல்யாணமாகி வந்த இரண்டாவது கிறிஸ்துமஸ். கிளாடிஸ் தன் சொந்தச் சம்பளத்தில் எடுத்த புடவை. பாலர் பள்ளியில் அப்போது வேலை பார்த்தாள். சமையலறை வாசலில் வைத்துச் சொன்னேன். அங்கே வேறு யாரும் இல்லை. அந்தப் புடவையை அப்புறம் நான் பார்த்ததில்லை. கிழிந்திருக்கும் என்று நினைத்திருந்தேன்.

கிளாடிஸைப் பார்த்தேன். அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தார்ப்பாய் ஓட்டையிலிருந்து ஒரு பொட்டு வெயில் அவள் தோளில் விழுந்திருந்தது.

திரையில் மாதா கோவில். பாடற்குழுவில் விஜிலா தனியாக ஒரு பாட்டின் இரண்டு வரி பாடுகிறாள். உண்மையிலேயே நன்றாகப் பாடுகிறாள். பூசை முடிந்து வெளியே ஓடி வந்து, எப்படி இருந்தது என்று கேட்கிறாள். கேட்கவில்லை, முகத்தை அப்படி வைத்துக்கொண்டு நிற்கிறாள். அஃப்ஸல் வாயைத் திறப்பதற்கு முன்னால் என் வாயில் அந்த வரி ஓடி முடிந்திருந்தது.

"பூசை நல்லாருந்துச்சு. நடுவுல மட்டும் யாரோ ஆட்டோவை ரிவர்ஸ் எடுத்தாங்க."

அந்த மண்டபம் அப்படி ஒரு சிரிப்பைக் கேட்டிருக்காது. தாணுலிங்கம் முன்னிருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். யாரோ என் முதுகில் தட்டினார்கள். என் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றிருந்தது. அதை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியவில்லை.

கிளாடிஸ் பாடற்குழுவிலிருந்து விலகியபோது தொண்டையில் கோளாறு என்றாள். நான் சுக்குக் கஷாயம் வாங்கி வந்து கொடுத்தேன். நல்ல கணவன் என்று என்னை நானே மெச்சிக்கொண்ட மிகச் சில சந்தர்ப்பங்களில் அது ஒன்று.

அப்போதுதான் அந்த ஓட்டைப் பெட்டி திரையில் வந்தது. இனி என்ன வரும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து வெளியே போய்விடலாமா என்று பார்த்தேன். இரண்டு பக்கமும் ஆட்கள் அடைத்திருந்தார்கள்.

எங்கள் தொழிலில் லைட் டெஸ்ட் என்று ஒன்று உண்டு. காலிப் பெட்டிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். உள்ளே குகை இருட்டு. தகரத்தில் எங்கேயாவது ஊசி நுழைகிற அளவு ஓட்டை இருந்தாலும் வெளி வெளிச்சம் அதன் வழியே புள்ளியாகத் தெரியும். புள்ளியை எண்ணி எழுத வேண்டும். கல்யாணமான புதிதில், நீங்கள் என்னதான் வேலை பார்க்கிறீர்கள் என்று கிளாடிஸ் கேட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேரே யார்டுக்குக் கூட்டிப்போனேன். ஒரு பெட்டிக்குள் அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினேன். நாங்கள் இரண்டு பேரும்தான். வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியாது.

திரை முழுக்கக் கறுத்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு ஒவ்வொன்றாகப் புள்ளிகள் தெரிந்தன. செல்போன் கேமராவுக்கு அந்த இருட்டைத் தாங்கும் சக்தி கிடையாது, படம் புழு நெளிகிற மாதிரி நெளிந்தது. ஆனால் திரை கறுத்ததும் மண்டபமும் கறுத்துவிட்டது. தார்ப்பாய் ஓட்டைகளெல்லாம் சுற்றிலும் பளிச்சென்று எழுந்து நின்றன. எது படத்து ஓட்டை, எது மண்டபத்து ஓட்டை என்று தெரியவில்லை. பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தோம், எல்லோரும். எத்தனை கோடி கொட்டினாலும் அந்த நிமிஷத்தை எவனாலும் எடுத்திருக்க முடியாது. முப்பது வருஷ சர்வேயர் சொல்கிறேன்.

இருட்டில் விஜிலாவின் குரல் கேட்டது.

"ஐய, இங்கன பாருங்க. நட்சத்திரம்."

அவள் எண்ணுகிறாள். ஒன்று, இரண்டு என்று அவசரமில்லாமல். ஒரு லாரி ஹார்ன். காத்திருந்து, மறுபடி எண்ணுகிறாள். "பதினேழு."

அஃப்ஸலின் குரல். "பதினாறு. அந்தக் கடைசி ஒண்ணு கதவு ரப்பர் இடுக்கு. அது கணக்குல சேராது." பிறகு, "நட்சத்திரமும் இல்ல, மண்ணும் இல்லளா. ஓட்டை. இந்தப் பெட்டியில சீனி ஏத்துனா பாகாத்தான் போய்ச் சேரும்."

சிரித்தார்கள். அன்றைக்கு நானும் என் நக்கலுக்கு நானே சிரித்து, உடனே கதவைத் திறந்துவிட்டேன். வெளிச்சத்தில் அவள் வெளியே வந்து, வெயிலுக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டாள்.

அனிஷ் கதவைத் திறக்கவில்லை. திரை கறுப்பாகவே இருந்தது. மண்டபத்தில் சிரிப்பு அடங்கியது. ஒருவர் இருமினார். இன்னும் கறுப்பு. அவள் மூச்சு மட்டும் கேட்டது. எதையோ சொல்ல வாயெடுத்து, வேண்டாம் என்று விடுகிற மூச்சு. அவ்வளவு நேரம் இருட்டில் அவள் நின்றிருக்கிறாள் என்பதே எனக்கு இப்போதுதான் தெரிகிறது. இருபத்தேழு வருஷம்.

அதற்குப் பிறகு படத்தில் அவள் அவனிடம் எதையும் பார்த்துவிட்டு வந்து சொல்வதில்லை. பேசுகிறாள். சாப்பிட்டாச்சா, கரண்டு பில் கட்டியாச்சா, எல்லாம் பேசுகிறாள். கல்யாணமும் நடக்கிறது. கடைசிக் காட்சியில் அவன் பைக் ஓட்டுகிறான், அவள் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். ரோட்டோரத்தில் எதையோ பார்க்கிறாள். முகம் ஒரு கணம் மலர்கிறது. அவன் தோளைத் தட்டக் கை பாதி வரைக்கும் போய், திரும்பி மடிக்கு வருகிறது. அவள் என்ன பார்த்தாள் என்பதை நமக்கும் காட்டவில்லை. பைக் போய்விடுகிறது. நாய் வருகிறது. படம் முடிந்தது.

யாரும் உடனே கைதட்டவில்லை. பேரவை வரலாற்றில் முதல்முறையாகத் தாணுலிங்கமும் பேசாமல் இருந்தார். அதற்குள் பெயர்கள் மேலேறத் தொடங்கின.

*கதாநாயகியின் வசனம்: கிளாடிஸ் மனுவேல்.*

*கதாநாயகனின் வசனம்: மனுவேல்.*

இப்போது கைதட்டினார்கள். என்னைப் பார்த்து. எழுந்து நின்று. பின்வரிசையிலிருந்து "ரிமார்க்ஸ் அண்ணாச்சி, சொல்லவே இல்லியே" என்று ஒரு குரல். ஆட்டோ ரிவர்ஸ் எல்லாம் உங்கள் வரிதானா என்று முன்னாலிருந்தவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து எழுதிய முதல் படம் நம் மாவட்டத்தில் இதுவாகத்தான் இருக்கும் என்று தாணுலிங்கம் சுதாரித்துக்கொண்டு மைக்கில் அறிவித்தார். பிறகு, பார்வையாளர் தரப்பு என்று என்னை அழைத்தார்.

மேடைக்குப் போகும் வழியில் புரொஜக்டருக்குப் பக்கத்தில் அனிஷ் நின்றான். அடி வாங்கத் தயாரான முகம்.

"அக்காதான் உங்க பேரும் போடணும்னு நின்னாவ, அண்ணாச்சி. சொன்னது அவருதான, பேரு போடலன்னா திருட்டாயிரும்னு. ஒவ்வொண்ணையும் தேதியோட சொன்னாவ."

தேதியோடு. நான் மேலே ஏறினேன். விளக்கைப் போட்டிருந்தார்கள். கையில் தாளைப் பிரித்தேன். ஒன்பது நக்கல்கள். நல்ல வரிகள், பாதியை இப்போது சொன்னாலும் மண்டபம் உருளும். கூட்டம் அதற்குத் தயாராக வாயைப் பாதி திறந்து வைத்திருந்தது. மூன்றாவது வரிசையில் கிளாடிஸ் கைப்பையை மடியில் வைத்து, ரேஷன் கடை வரிசையில் நிற்கிற பொறுமையோடு என்னைப் பார்த்தாள். மஸ்கட்டுக்கு அவள் பதில் சொல்லப்போகும் ஞாயிற்றுக்கிழமை இது என்பதும், அவள் பார்க்க வந்தது இந்தப் படத்தை அல்ல, படத்துக்குப் பிறகு நான் பேசும் ஐந்து நிமிடத்தை என்பதும் அப்போதுதான் என் மரமண்டையில் ஏறியது.

தாளை மடித்துப் பைக்குள் போட்டேன்.

"அந்தப் பெட்டியில இருந்தது பதினேழுதான்" என்றேன்.

சிரித்தார்கள்.

"நான் பதினாறுன்னு எழுதுனேன்."

இன்னும் சிரித்தார்கள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். அதற்கும் சிரித்தார்கள்.

"சிரிக்காதிய. நான் தப்பா எழுதிட்டேன். அவ சரியாத்தான் எண்ணுனா."

தாணுலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டார், சிரித்துச் சிரித்து. ஒருத்தர் நாற்காலியைத் தட்டினார். முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு எப்படிய்யா இப்படி என்று யாரோ வியந்தது மேடை வரைக்கும் கேட்டது. முப்பது வருஷமாக நான் வளர்த்த கூட்டம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நான் அங்கேயே சரிந்திருந்தாலும் கைதட்டியிருப்பார்கள். அப்படி ஒரு பயம் எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை. மைக்கை அதன் இடத்தில் வைத்துவிட்டு இறங்கினேன். ஐந்து நிமிடத்தில் நாலரை நிமிடம் மிச்சம்.

ஒரே ஓர் ஆள் சிரிக்கவில்லை.

கீழே ஸ்கூட்டரை எடுத்தேன். கிளாடிஸ் பின்னால் ஏறினாள். பீச் ரோட்டில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கொஞ்ச தூரம் போய்க் கேட்டேன், கோபமா என்று. இல்லை என்றாள். பின்னே எதற்கு இதையெல்லாம் ஊரைக் கூட்டிக் காட்டினாய் என்று கேட்டேன். என் குரல் எனக்கே கெஞ்சுவது போலக் கேட்டது.

"ரிமார்க்ஸ்தான" என்றாள். "நானும் இருபத்தேழு வருசம் சுத்தி வந்து பாத்துட்டுத்தான எழுதியிருக்கேன்."

வேகத்தைக் குறைத்தேன். தூரத்தில் நங்கூரம் போட்டு நாலைந்து கப்பல்கள் நின்றன. துறைமுகத்துக்குள் இடம் கிடைக்கக் காத்திருப்பவை. என் தோளில் ஒரு விரல் தொட்டது. தட்டியதுகூட இல்லை, தொட்டதுதான்.

"அந்த ரெண்டாவது கப்பலைப் பாருங்களேன். பந்தி முடிஞ்ச பெறகும் எந்திரிக்காம இருக்க ஆளு மாதிரி இல்ல?"

இலையை எடுக்க யார் போவது என்று நாக்கு நுனிக்கு ஒரு வரி வந்துவிட்டது. நல்ல வரி. பல்லைக் கடித்தேன். ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தி, காலை ஊன்றிப் பார்த்தேன். நிலக்கரிக் கப்பல். அதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"ம்" என்றேன்.

"பொய் சொல்லாதிய. உங்களுக்கு அப்படித் தெரியல."

"தெரியல. எங்கன இருக்கு அவன் தலை? நீ சொல்லு."

அவள் சொன்னாள். கையை நீட்டி, எது தலை, எது தோள், சோற்றுக்கையை எங்கே வைத்திருக்கிறான் என்று. நான் பார்த்தேன். பாதிதான் தெரிந்தது. பாதிதான் தெரிகிறது என்று சொன்னேன்.

அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"டிக்கெட் போடச் சொல்லுங்க. போக, வர, ரெண்டுக்கும்."

எனக்கு மூச்சு வந்தது. "திரும்புற தேதி?"

"அந்தக் கட்டத்தைச் சும்மா விடச் சொல்லுங்க."

ஸ்கூட்டரைக் கிளப்பினேன். என் படிவத்தில் கட்டத்தைச் சும்மா விட்டால், பெட்டி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அவளுடைய படிவத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று நான் இதுவரை கேட்டதில்லை.